நான் வைத்த அரைக் கிலோ

கண்ணு,

இதை நீ படிக்கும்போது உன் போட்டி முடிந்திருக்கும். ஜெயித்தாயா, தோற்றாயா என்பது எழுதுகிற எனக்கு இன்னும் தெரியாது. பதக்கத்தோடு வந்தாலும் சரி, வெறுங்கையோடு வந்தாலும் சரி, இதில் ஒரு வரியைக்கூட நான் மாற்றப்போவதில்லை. போனில் சொல்லியிருக்கலாமே என்று நினைப்பாய். நான் வாயைத் திறந்ததுமே “சரிம்மா, சரிம்மா” என்று சொல்லிக்கொண்டு வேறு வேலை பார்க்கிற பிள்ளை நீ. அதுவும் இல்லாமல், இதை இப்போது சொல்லக் கூடாது என்று ஒருவன் என்னிடம் கேட்டுக்கொண்டான். அவன் யார் என்பது கடைசியில் வரும். பட்டுப்புழு மனையில் எந்தத் தட்டுக்கு எத்தனை மணிக்கு இலை போட்டேன் என்று குறிக்கிற நோட்டில்தான், பின்பக்கத்திலிருந்து எழுதுகிறேன். பத்தாவதோடு நின்றவளின் கையெழுத்து. பொறுத்துக்கொண்டு படி. போட்டி முடிந்து நீ திரும்பிய பிறகே உன் கையில் கொடுக்கச் சொல்லி, இந்த நோட்டைக் கட்டி உன் கேம்புக்கு அனுப்புகிறேன்.

போன வாரம் நீ கேம்பிலிருந்து ஒரு யூடியூப்காரருக்குக் கொடுத்த பேட்டியை உங்கப்பா போட்டுக் காட்டினார். காரிமங்கலத்துப் பையன் இந்தியா டீம் சட்டை போட்டுக்கொண்டு பேசுகிறான் என்று தெருவே வந்து உட்கார்ந்து பார்த்தது. நன்றாகத்தான் பேசினாய். ஃப்ரீஸ்டைல் என்றால் காலையும் பிடிக்கலாம், இடுப்புக்குக் கீழே தொடக் கூடாது என்பதெல்லாம் வேறு வகை மல்யுத்தம் என்று, எனக்கே விளங்குகிற மாதிரி சொன்னாய். அப்புறம் அந்த ஆள் கேட்டார், உங்க ஊர்ல உங்களுக்குப் போட்டியா யாரும் இல்லையா என்று. நீ சிரித்துக்கொண்டே சொன்னாய்: “கோவிந்தன்னு ஒருத்தன் இருந்தான் சார். என்னைவிட நல்லா ஆடுவான். வாயைக் கட்டத் தெரியல. வெயிட் கூடிப்போய் வெளிய போயிட்டான். இந்த வெளையாட்டுல ஒழுக்கம்தான் சார் எல்லாம்.” தெருவில் எல்லாரும் சிரித்தார்கள். உங்கப்பாவும் சிரித்தார். எனக்குக் கையில் இருந்த டம்ளர் கனத்தது. எழுந்து புழு மனைக்குள் போய்விட்டேன்.

உன் மேல் தப்பில்லை. உனக்குத் தெரிந்ததை நீ சொன்னாய். தெரியாமல் வைத்தவள் நான்தான்.

முதலில் கோவிந்தனை நான் எப்படிப் பார்த்தேன் என்று சொல்லிவிடுகிறேன். நீங்கள் இரண்டு பேரும் மாவட்டப் போட்டியில் மோதினீர்களே, பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது, அன்றைக்குத்தான் முதல்முதலில் பார்த்தேன். சித்தேரி மலையிலிருந்து ஒரு ரப்பர் செருப்போடு வந்திருந்தான். ஷூவை யாரிடமோ இரவல் வாங்கிப் போட்டுக்கொண்டான். குனிந்தால் குனிந்ததுதான், எப்போது உன் காலைப் பிடித்தான், எப்போது நீ மேட் விரிப்பில் கிடந்தாய் என்று என் கண்ணுக்கே தெரியவில்லை. நடுவில் ஒருமுறை இருவரும் கட்டிப் புரண்டு வட்டத்துக்கு வெளியே விழுந்தீர்கள். நடுவர் அவனுக்குப் பாயிண்ட் கொடுத்தார். அவன் எழுந்து கையைத் தூக்கி, “சார், மொதல்ல வெளிய போனது என் காலுங்க” என்றான். நடுவர் மாற்றி உனக்குக் கொடுத்தார். அப்படியும் அவன்தான் ஜெயித்தான். பஸ்ஸில் வரும்போது நீ அதையே சொல்லிச் சொல்லி மாய்ந்துபோனாய். “எவ்ளோ நேர்மைம்மா அவனுக்கு!” என்றாய். எனக்கு வயிறு எரிந்தது. ஒரு பாயிண்டைத் தூக்கிப் பிச்சையாகப் போட்டுவிட்டு அதற்கப்புறமும் ஜெயிக்கிறவனுக்கு எவ்வளவு திமிர் இருக்க வேண்டும் என்றுதான் நினைத்தேன். அது திமிர் இல்லை என்று எனக்கு அப்போதே தெரியும். தெரிந்தும் அப்படி நினைத்துக்கொள்வது எனக்குச் சௌகரியமாக இருந்தது.

அதற்கப்புறம் நீங்கள் சிநேகிதர்கள் ஆகிவிட்டீர்கள். நீ ஒருமுறை அவன் ஊருக்குப் போய் இரண்டு நாள் இருந்துவிட்டு வந்தாய். வந்ததும் படுத்துக்கொண்டாய். அவர்கள் வீட்டில் வைத்த சோற்றைச் சாப்பிட்டுச் சாப்பிட்டு வயிறு வீங்கிவிட்டது உனக்கு. “வேணாம்னு சொல்ல வேண்டியதுதானேடா, பூசணிக்காய்” என்று கேட்டதற்கு நீ சொன்ன பதிலை நான் மறக்கவே இல்லை. அவர்கள் மலையில் தட்டில் வைத்ததை வேண்டாம் என்று சொன்னால், அந்த வீட்டு ஆளையே வேண்டாம் என்று சொன்ன மாதிரி. எதிரியாக இருந்தாலும் தட்டைக் காலி பண்ணிவிட்டுத்தான் எழுந்திருக்க வேண்டும். நீ விளையாட்டாகச் சொன்னாய். நான் அதை மனசில் ஒரு மூலையில் போட்டு வைத்தேன்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் தர்மபுரி ஸ்டேடியத்தில் மாநில டீமுக்கு ஆள் எடுத்தார்களே, அதற்கு வருவோம். ஐம்பத்தேழு கிலோ பிரிவில் ஒரே ஒரு இடம். அதற்கு நீயும் அவனும்தான். அதில் வரவில்லை என்றால் ஓசூரில் கம்பெனி வேலைக்குப் போய்விட வேண்டும் என்று உங்கப்பா முடிவாகச் சொல்லிவிட்டார். நீயும் தலையாட்டிவிட்டாய். அதுவரை அவனோடு நான்கு முறை மோதி நான்கு முறையும் தோற்றிருந்தாய். எடை பார்ப்பது காலை ஏழு மணிக்கு. சித்தேரியிலிருந்து முதல் பஸ் பிடித்தாலும் அந்த நேரத்துக்கு வந்து சேர முடியாது என்று, முந்தின நாளே நம் வீட்டுக்கு வந்து தங்கச் சொல்லி அவனைக் கூப்பிட்டவன் நீதான். இதை எழுதும்போது உன்னை நினைத்தால் பெருமையாக இருக்கிறது. அன்றைக்கு உன்னைப் பைத்தியக்காரன் என்று நினைத்தேன்.

நாலு மணி வாக்கில் வந்தான். கையில் ஒரு பை நிறைய நாவல்பழம். பட்டுக்கூடு நிறுக்கிற நம் மின்தராசில் இரண்டு பேரும் ஏறி நின்றீர்கள். நீ நானூறு கிராம் குறைவாக இருந்தாய். அவன் இருநூறு கிராம் கூட இருந்தான். “தூங்கி எழுந்தா அரைக் கிலோ தானா போயிடும்மா. எனக்கு எதுவும் வேணாங்க, ஒரு வாய் தண்ணி போதும்” என்றான். உனக்கு உப்பில்லாத இட்லி இரண்டைக் கொடுத்தேன். உனக்கு மல்யுத்தம் சொல்லிக்கொடுத்த மாஸ்டர் சொன்னபடி நீ சீக்கிரமே போய்ப் படுத்துக்கொண்டாய்.

உன் மாஸ்டர் பெற்றவர்களைக் கூப்பிட்டு வைத்துப் பாடம் நடத்தியது ஞாபகம் இருக்கிறதா? கடைசி இரண்டு நாள் உப்பைக் குறையுங்கள், உப்பு உடம்பில் தண்ணீரைப் பிடித்து வைக்கும், தண்ணீர் நின்றால் எடை நிற்கும் என்றார். மற்ற அம்மாக்கள் கொட்டாவி விட்டார்கள். எனக்கு அவர் சொல்லியே தெரிய வேண்டியதில்லை. ஈர இலையைப் போட்டால் தட்டு எவ்வளவு கனக்கும், புழு எப்போது தின்னும், எப்போது நிறுத்தும் என்று இருபது வருஷமாகப் பார்க்கிறவள் நான். அன்று சாயந்திரம் நான் கருவாட்டுக் குழம்பு வைத்தேன். சந்தையில் வாங்கிய நல்ல நெத்திலி. கழுவுகிறபோது ஒரு தண்ணீர்தான் விட்டேன், எப்போதும் மூன்று தண்ணீர் விடுகிறவள். கேழ்வரகுக் களி கிண்டினேன். தட்டில் இரண்டு உருண்டை வைத்து அவன் முன்னால் தள்ளினேன்.

“அய்யோ, வேணாங்கம்மா. காலைல வெயிட் பாக்கறாங்க” என்றான்.

“வந்த வூட்டுல வெறும் வயத்தோட படுத்தா நான் எப்படித் தூங்கறது சாமி? அவ்ளோ தூரத்துலேர்ந்து வந்திருக்க. ஒரு உருண்டை, எனக்காக.”

அவன் தட்டைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். நான் பக்கத்திலேயே உட்கார்ந்தேன். அவன் சாப்பிட ஆரம்பித்தான். பசி வேறு, காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லை. ஒரு உருண்டை முடிந்தது. குழம்பு ஊற்றினேன். இரண்டாவதும் முடிந்தது. மூன்றாவதை நான் வைத்தேன். தாகம் எடுத்து இரண்டு சொம்பு தண்ணீர் குடித்தான். “கொழம்பு சூப்பருங்கம்மா. எங்கம்மாகூட இப்பிடி வெக்காது” என்று சிரித்தான். கை கழுவ எழுந்தவன் வயிற்றைத் தடவிக்கொண்டு, “காலைல நேரத்துல எழுந்து தராசுல ஒரு தடவ நின்னு பாத்துடறேன். கூட இருந்தா ஓடி எறக்கிடலாம்” என்றான்.

இதுவரை எழுதியதைக்கூட விருந்து உபசாரம் என்று சொல்லி நான் தப்பித்துக்கொள்ளலாம். மூன்று வருஷமாக எனக்கு நானே அப்படித்தான் சொல்லிக்கொண்டேன். ஆனால் விடிகாலையில் எல்லாருக்கும் முன்னால் எழுந்தேனே, அந்தத் தராசைத் தூக்கிக்கொண்டு போய்ப் புழு மனையில் வைத்து, மேலே கூடைகளை அடுக்கினேனே, அதற்கு என்ன பேர் வைப்பது? அவன் எழுந்து வந்து கேட்டான். “சார்ஜ் இல்ல சாமி, ரிப்பேருக்குக் குடுக்கணும்” என்றேன். குரல் நடுங்கவே இல்லை. அவன் நம்பினான். ஏன் நம்ப மாட்டான்? சாப்பாடு போட்டவள் நான். அவன் அப்போதே ஏறி நின்று பார்த்திருந்தால் ஓடி இறக்க ஒன்றரை மணி நேரம் இருந்திருக்கும். நான் திருடியது அந்த ஒன்றரை மணி நேரத்தை.

ஸ்டேடியத்தில் நடந்தது உனக்குத் தெரியும். நான் பார்த்தது உனக்குத் தெரியாது. நீ சரியான எடையில் இறங்கிவிட்டாய். அவன் ஏறியதும் அரைக் கிலோ கூட என்றார்கள். அரை மணி நேரம் கொடுத்தார்கள். அவன் முகம் வெளிறிப்போய் மைதானத்தில் ஓட ஆரம்பித்தான். நீ என்ன செய்தாய்? உன் ஸ்வெட்டரைக் கழற்றி அவனுக்குப் போட்டுவிட்டு அவன் கூடவே ஓடினாய். எடை பார்த்து முடித்தவன் சாப்பிட வேண்டிய நேரம் அது. உனக்காகத் தயிர்சாதமும் வாழைப்பழமும் வைத்திருந்த டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு நான் வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்தேன். “இன்னும் ஒரு ரவுண்டுடா, வந்துடும்டா, வந்துடும்டா” என்று நீ கத்தியது எனக்குக் கேட்டது. அவனை ஜெயித்தால்தான் உனக்கு வாழ்க்கை, அவன் உள்ளே வரட்டும் என்று நீயே அவன் வியர்வையைத் துடைத்துத் துடைத்து அனுப்புகிறாய். இருநூறு கிராம் இறங்கியது. அதற்குமேல் இறங்கவில்லை. மணி ஆகிவிட்டது என்றார்கள். அவன் அழவில்லை. நீதான் அழுதாய். மாஸ்டர் அவனைப் பார்த்து, “திங்கறதுக்குப் பொறந்தவனா நீ?” என்று எல்லார் முன்னாலும் கத்தினார். அவன் தலை நிமிர்ந்து என்னை ஒருமுறை பார்த்தான். “பசிச்சது சார், தின்னுட்டேன்” என்றான். எந்த வீட்டில் தின்றேன் என்று சொல்லவில்லை. எனக்கு அந்த நேரத்தில் வந்தது நிம்மதிதான், கண்ணு. வெட்கம் அப்புறம்தான் வந்தது. ரொம்ப நாள் கழித்து வந்தது.

நீ மாநில டீமுக்குப் போனாய், தேசியப் போட்டிக்குப் போனாய், அங்கே உன் சொந்தப் பலத்தில்தான் ஜெயித்தாய். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. உனக்கும் வர வேண்டாம். முதல் படியை மட்டும்தான் நான் களியால் கட்டிக் கொடுத்தேன். அதற்கு மேலே உள்ளதெல்லாம் உன் தோளும் முதுகும். அவன் அடுத்த வருஷம் அறுபத்தொரு கிலோ பிரிவில் இறங்கினான். தன்னைவிடப் பெரிய ஆட்களிடம் அடிபட்டான். அதற்கப்புறம் மேட்டுக்கே வரவில்லை. அரூர் பஸ் ஸ்டாண்டில் அவனுக்கு ‘அரைக்கிலோ’ என்று பேர். “யேய் அரைக்கிலோ, சாப்ட்டியா?” என்று கேட்கிறார்களாம். உன் பேட்டிக்குக் கீழேயும் ஒருவன் அப்படியே எழுதியிருக்கிறான். அன்றைக்கு ராத்திரி உங்கப்பா அதையும் படித்துக் காட்டிச் சிரித்தார்.

இரண்டு நாள் பொறுத்தேன். மூன்றாம் நாள் புழுவுக்கு இலை போட உங்கப்பாவிடம் சொல்லிவிட்டு, தர்மபுரி போய், அங்கிருந்து அரூர் போய் இறங்கினேன். தீர்த்தமலை கோயிலுக்குப் போகிற கூட்டத்தை இடித்துத் தள்ளிக்கொண்டு சித்தேரி பஸ்ஸைப் பிடித்தேன். வழியெல்லாம் எப்படி ஆரம்பிப்பது என்று யோசித்தேன். போய் இறங்கினால், அவன் வீட்டுக்குப் பக்கத்துக் களத்தில் வைக்கோல் அடைத்த சாக்குகளைத் தைத்துப் பரப்பி, அதன்மேல் ஆறேழு பிள்ளைகளை உருட்டி விளையாட வைத்துக்கொண்டிருக்கிறான். அதில் ஒரு பெண், பதினாலு வயசிருக்கும், ஒரு பையனின் காலைப் பிடித்துச் சாய்த்த வேகத்தைப் பார்த்து எனக்கு அந்த மாவட்டப் போட்டி அப்படியே ஞாபகம் வந்தது. மாவட்டத்தில் ஜெயித்துவிட்டாளாம், அடுத்து மாநிலம். “இவ உங்க பையனைவிட மேல போவா, பாத்துட்டே இருங்க” என்றான். களத்து ஓரத்தில் பாலிதீன் உறை போட்டு மூடிய ஒரு பொருள். என்ன என்று கேட்டேன். எடை பார்க்கிற தராசு. மேட் வாங்க வழியில்லாதவன், முதலில் தராசு வாங்கியிருக்கிறான். எனக்கு அங்கேயே அழுகை வந்துவிட்டது.

பிள்ளைகளை அனுப்பச் சொல்லிவிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். கருவாட்டை ஒரு தண்ணீரில் கழுவியது, மூன்றாவது உருண்டை, தராசு, கூடை, எதையும் விடவில்லை. அவன் சாக்கின் ஓரத்தில் பிரிந்திருந்த நூலைப் பிடித்து இழுத்துக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தான். “களி வெச்சது தெரியுங்க. அது பாசம்னு நெனச்சேன். தராசு…” என்றவன் நிறுத்திவிட்டான். நூல் அறுந்து கையோடு வந்தது.

அதற்குள் அவன் அம்மா சாப்பிடக் கூப்பிட்டார். அந்த அம்மாவுக்கு ஒன்றும் தெரியாது. சிநேகிதனின் அம்மா வந்திருக்கிறாள் என்று சாமைச் சோறும் மொச்சைக் குழம்பும் ஆக்கியிருந்தார். எனக்கு ஒரு வாய் இறங்காது போலிருந்தது. கோவிந்தன் கரண்டியை வாங்கிக்கொண்டான். அவனே பரிமாறினான். தட்டு நிறைந்தது. சாப்பிட்டு முடித்தேன். மறுபடியும் வைத்தான். முடித்தேன். மூன்றாம் முறை வைக்க வந்தபோது கை தானாகத் தட்டை மறைக்கப் போனது. அவன் கரண்டியோடு நின்றான். முகத்தில் சிரிப்பில்லை, கோபமும் வெளியே தெரியவில்லை.

“சாப்புடுங்கம்மா. உங்களுக்கென்ன, காலைல வெயிட்டா பாக்கப் போறாங்க?”

கையை எடுத்துக்கொண்டேன். வைத்தான். கடைசிப் பருக்கை வரை சாப்பிட்டேன். அவன் அம்மாவுக்கு ரொம்பச் சந்தோஷம்.

பஸ் ஏற்றிவிட வந்தான். வண்டி வருகிற திசையைப் பார்த்துக்கொண்டே, “அவனுக்குத் தெரியுமாங்க?” என்று கேட்டான்.

“தெரியாது. வூட்டுக்குப் போனதும் போன் போட்டுச் சொல்லிடறேன்.”

“வேணாங்க. இன்னும் ஒம்போது நாள்தான் இருக்குது. இப்பச் சொன்னீங்கன்னா அவன் மேட்டுல நிக்க மாட்டான். எனக்குத் தெரியும் அவன. ஆடிட்டு வரட்டும். வந்தப்பறம் சொல்லுங்க.”

“உனக்குக் கோவமே இல்லையா சாமி?”

“இல்லாம இருக்குங்களா? இருக்குது. உங்க மூஞ்சியப் பாக்கவே புடிக்கல எனக்கு. அதுக்கு அவன் எதுக்குங்க தோக்கணும்?”

பஸ் வந்துவிட்டது. நான் ஏறிக்கொண்டேன். அவன் கையசைக்கவில்லை. நான் எதிர்பார்க்கவும் இல்லை.

அவன் என்னை மன்னித்துவிட்டான் என்று இதைப் படித்து நினைத்துக்கொள்ளாதே. மன்னிக்கவில்லை. மன்னிக்கச் சொல்லி நானும் கேட்கவில்லை. இந்த விளையாட்டில் நீ இன்னும் எத்தனையோ நாட்டுக்காரர்களோடு கைகுலுக்குவாய், தோற்றவனைத் தூக்கி நிறுத்துவாய், அதற்கெல்லாம் கைதட்டுவார்கள். யாரும் பார்க்காத இடத்தில், தன் வாழ்க்கையைக் கெடுத்தவள் பெற்ற பிள்ளை ஜெயிக்க வேண்டும் என்று வாயை மூடிக்கொண்டு நின்றானே ஒருவன், அவனுக்கு யார் கைதட்டுவது? உனக்குச் சொல்ல எனக்கு வேறு புத்திமதி இல்லை. சொல்கிற யோக்கியதையும் இல்லை.

நீ வந்து இறங்கும்போது மாலை போடுவார்கள், ஃப்ளெக்ஸ் வைப்பார்கள், மைக்கைக் கையில் கொடுப்பார்கள். அந்தப் பேட்டியைத் திருத்திச் சொல்ல அதுதான் நேரம். அம்மாவுக்குக் கேவலம் என்று ஒளிக்காதே. இந்த நோட்டைச் சந்தை நாளில் நடு ரோட்டில் நின்று சத்தம் போட்டுப் படித்தாலும் எனக்குச் சம்மதம். உங்கப்பாவிடம் இன்று சொல்லிவிட்டேன். அவர் என்னோடு பேசவில்லை. பேசுகிறபோது பேசட்டும். இனிமேல் எவனாவது கோவிந்தனை அரைக்கிலோ என்று கூப்பிட்டால், அந்த அரைக்கிலோ எங்கம்மா வைத்தது என்று சொல்.

அப்புறம் வீட்டுக்கு வராதே. பையோடு அப்படியே சித்தேரி பஸ் ஏறு. அவன் பேசுவானா, திட்டுவானா, எனக்குத் தெரியாது. ஆனால் சாப்பிடச் சொல்வான். எத்தனை தடவை வைத்தாலும் வேண்டாம் என்று சொல்லாதே.

அம்மா